இடது பக்கமாக வந்த குரங்குகள்

எனக்குப் பத்து வயதானபோது என் நோட்டில் பதினோரு குரங்குகள் இருந்தன. முன்பக்கத்திலிருந்து அறிவியல் பாடம், பின்பக்கத்திலிருந்து குரங்குகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பெரிய தாட்டான், கூட்டத்துக்கே தலைவனான ஆண் குரங்கு. காது கிழிந்தது. வால் மொட்டை. குட்டி வைத்திருப்பது. குட்டி வைத்திருக்கும் இன்னொன்று. மற்றதைப் பார்த்துவிட்டுத்தான் எதையும் செய்வது. பெயர் வைக்கும் கற்பனை எனக்கு இல்லை. அடையாளம் எழுதத்தான் தெரிந்தது. இன்று ஒரு பம்ப் கம்பெனியில் மோட்டார்களைச் சோதித்துப் பட்டியல் போடும் வேலை பார்க்கிறேன். இந்தப் பழக்கம் எங்கே தொடங்கியது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் குரங்குகளிடம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கும்.

கொடைரோட்டுக்குக் கிழக்கே, சிறுமலை அடிவாரத்தில் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் பன்னீர் திராட்சை. கல்தூண் நட்டு, மேலே கம்பி இழுத்து, கொடியைப் படரவிட்ட பந்தல். காய் பச்சையாக இருக்கும்வரை குரங்குகளுக்கு எங்கள் ஞாபகமே வராது. கறுக்கத் தொடங்கிய மறுநாள் மலையை விட்டு இறங்கிவிடும். பறிப்புக்கு முந்தின இரண்டு வாரமும் பகல் முழுக்க யாராவது மோட்டார் ரூம் மாடியில் உட்கார்ந்து காவல் இருக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் பந்தலின் முதுகு முழுவதும் தெரியும். ஒரு காலி எண்ணெய் டின், அதைத் தட்ட ஒரு கட்டை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் அந்த மாடி என்னுடையதாகிவிடும்.

சாயங்காலம் குரங்குகள் மலைக்குத் திரும்பியதும் நான் இறங்கி வருவேன். அப்பா தொட்டித் தண்ணீரில் கை கால் கழுவி, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே, "சரி, வாசி" என்பார். நான் நோட்டைப் பிரித்து வாசிப்பேன். பத்தே கால் மணி, வடக்கு மூலை, தாட்டானும் காது கிழிந்ததும், டின் தட்டினேன், போய்விட்டன. பன்னிரண்டு மணி, வாய்க்கால் பக்கம், குட்டி வைத்திருப்பது மட்டும், மூன்று கொத்து சேதம். அம்மா பேசுவதைப் பாதியில் வெட்டிவிடும் அப்பா, இதைக் கடைசி வரி வரைக்கும் நின்று கேட்பார். ஊர்க்காரர்கள் யாராவது அந்த நேரத்தில் வந்துவிட்டால், "செத்த இருங்க, நியூஸ் முடியட்டும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே நான் பகல் முழுக்க வெயிலில் கிடந்தேன்.

அந்த வருடக் கோடையில் அத்தை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். அத்தை அப்பாவுக்கு அக்கா, ஒட்டன்சத்திரத்தில் வாக்கப்பட்டவர். மகள் என்னைவிட ஒன்றரை வயது மூத்தவள். பிறந்ததிலிருந்தே அவளுடைய இடது கண் மூக்கைப் பார்த்தபடி ஒதுங்கியிருக்கும். மதுரையில் ஆபரேஷன் செய்து அதை நேராக்கியிருந்தார்கள். கட்டுப் பிரித்து, கறுப்புக் கண்ணாடி கொடுத்து, மூன்று வாரம் கழித்து வந்து காட்டச் சொல்லியிருந்ததால் அதுவரைக்கும் எங்கள் வீட்டில் தங்கினார்கள்.

அவளுக்குக் கிடைத்தவை என்று நோட்டில் தனிப் பக்கம் போட்டேன். கட்டிலில் ஜன்னல் ஓரம். தினமும் முட்டை. அப்பா வண்டியில் பின் சீட்டு. கடைக்குப் போனால் கிரீம் பன். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: "பேரைச் சொல்லாத, மதினின்னு கூப்பிடு" என்ற அம்மாவின் உத்தரவு.

இவற்றையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். பொறுக்க முடியாதது அவள் பேச்சு. அப்பா எது சொன்னாலும் "சரிங்க மாமா" என்பாள். "வேண்டாமுங்க மாமா" என்பாள். நான் அதுவரை அப்பாவுக்கு "ம்" என்றுதான் பதில் சொல்லியிருந்தேன். அந்த 'ங்க'வைக் கேட்கும்போதெல்லாம் அப்பாவின் முகம் வெல்லம் தின்றதுபோல் ஆவதைப் பார்த்தேன்.

வந்த மூன்றாம் நாள், நான் சாப்பிட இறங்கிய நேரத்தில், "கொஞ்ச நேரம் நான் பாத்துக்கறனுங்க மாமா" என்று மாடி ஏறினாள். நான் வேண்டுமென்றே மெதுவாகச் சாப்பிட்டேன். குரங்குகள் வரும், அவள் அலறிக்கொண்டு இறங்குவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டாம் தடவை மோர் ஊற்றிக்கொண்டேன். அலறல் இல்லை. வெளியே வந்து பார்த்தால், வேலிக்கு அப்பால் வேப்பமரத்தில் பதினொன்றும் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றும் உள்ளே வரவில்லை. மதினி கறுப்புக் கண்ணாடியோடு, கழுத்தை இப்படியும் அப்படியும் முழுசாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திருப்பலைத் திமிர் என்று நினைத்தேன்.

அப்பா பம்பை நிறுத்திவிட்டு வெளியே வந்து பார்த்துச் சிரித்தார். "ஏ புள்ள, உன் சினேகிதக்காரங்க எல்லாம் வெளியவே நிக்கிறாங்க? மேல இன்ஸ்பெக்டரம்மா உக்காந்திருக்குன்னு தெரிஞ்சிருச்சோ?"

சாயங்காலம் அவர், "என்ன தாயி, என்ன சேதி?" என்று அவளைக் கேட்டார். "ஒண்ணுமே வரலீங்க மாமா" என்றாள். இவ்வளவுதான் அவள் வாசித்தது. நேரம் இல்லை, மூலை இல்லை, அடையாளம் இல்லை. அப்பா அதற்கு என் மொத்த நோட்டுக்கும் சிரிக்காத ஒரு சிரிப்புச் சிரித்தார். மறுநாளிலிருந்து மாடி அவளுக்கு. எனக்கு என்ன வேலை என்று கேட்டேன்.

"நீ அவளுக்குத் தண்ணி கொண்டுபோய்க் குடு."

பொறாமை சிலரைப் படுக்க வைத்துவிடும். என்னை ஒழுங்காக யோசிக்க வைத்தது. அம்மா டப்பாவிலிருந்து நிலக்கடலை எடுத்துக்கொண்டு வாய்க்கால் பக்கம் போனேன். பத்தடி தூரத்தில் ஒரு கல்மேல் கடலையை வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நேராகப் பார்த்தால் குரங்கு எடுக்கவில்லை. முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எடுத்தது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். முகத்தை நேராக வைத்துக்கொண்டு கண்ணை மட்டும் மூடினேன். திறந்தபோது கடலை இல்லை. முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கண்ணை மட்டும் கல்மேல் வைத்தேன், வரவில்லை. இரண்டு நாள் மாற்றி மாற்றிச் செய்தேன். என் முகம் எங்கே இருக்கிறது என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை. நான் எதைப் பார்க்கிறேன் என்பதுதான் வேண்டியிருந்தது.

என்னிடம் மட்டுமல்ல, தங்களுக்குள்ளும் அப்படித்தான். ஒரு தடவை ஒரு கடலையை வெட்டவெளியிலும் இன்னொன்றைக் கல்லுக்குப் பின்னாலும் போட்டேன். பெரிய தாட்டான் எதிரே உட்கார்ந்திருந்தது. அதன் இடத்திலிருந்து கல்லுக்குப் பின்னால் இருப்பது தெரியாது. காது கிழிந்தது கிட்டத்தில் கிடந்த வெட்டவெளிக் கடலையைத் தொடவேயில்லை. சும்மா நடப்பதுபோல் சுற்றிவந்து, கல்லுக்குப் பின்னால் இருந்ததை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, ஒன்றும் நடக்காத மாதிரி முதுகைச் சொறிந்தது. தாட்டானுக்கு எது தெரியும், எது தெரியாது என்று அதற்குத் தெரிந்திருந்தது. அப்பாவிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று எழுந்து, பிறகு உட்கார்ந்தேன்.

ஏனென்றால் அப்போதுதான் மாடி விஷயம் விளங்கியது. கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் கண் எங்கே பார்க்கிறது என்று தெரியாது. தெரியாத இடத்தில் குரங்கு இறங்காது. மறுநாள் அவள் குளிக்கப் போன நேரம் அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மாடியில் உட்கார்ந்து, உள்ளே இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டேன். நூறு எண்ணித் திறந்தேன். பதினொன்றும் வேலிக்கு அப்பாலேயே இருந்தன. ஆக, இன்ஸ்பெக்டர் அவள் இல்லை, கண்ணாடிதான்.

அப்பாவிடம் சொல்லியிருக்கலாம். நோட்டை அவர் இரண்டு தடவை வாசிக்கச் சொல்லியிருப்பார். ஆனால் கண்ணாடி அப்போதும் அவளுடையதுதானே என்று தோன்றியது.

அடுத்த வெள்ளிக்கிழமை வியாபாரி காய் பார்க்க வருவதாக இருந்தது. காலையில் மதினி முகம் கழுவக் கண்ணாடியைக் கழற்றித் தொட்டிச் சுவரில் வைத்தாள். நான் அதை எடுத்து என் பள்ளிக்கூடப் பையில் போட்டேன். லீவில் அந்தப் பையை யாரும் தொடமாட்டார்கள்.

"எங்கடி வச்ச?" என்றார் அத்தை.

"இந்தச் செவுத்து மேலதானுங்கம்மா வச்சேன்."

"செவுத்துல வச்சது நடந்தா போகும்? பாப்பா, நீ பாத்தியா?"

"பாக்கல அத்தை" என்றேன்.

அப்பா வியாபாரியைக் கூட்டிவர கொடைரோடு போய்விட்டார். அம்மா என்னை மாடிக்குப் போகச் சொன்னாள். வயிறு வலிக்கிறது என்றேன். "நான் போறனுங்க அத்தை, துண்டை முக்காடாப் போட்டுக்கறேன்" என்று மதினி என் அம்மாவிடம் சொல்லிவிட்டு ஏறினாள். வயிற்றுவலிக்காரி நான், நோட்டோடு போய் வேலியோரப் புளியமரத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

வெயிலில் அவள் கண் கலங்கிக்கொண்டே இருந்தது. புறங்கையால் துடைத்துக்கொண்டு நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முதலில் காது கிழிந்தது அவளுக்கு வலப்பக்கமாகப் பந்தலில் ஏறியது. டின் சத்தம், ஓடியது. வால் மொட்டை வலப்பக்கமாக வந்தது, ஓடியது. பிறகு காது கிழிந்தது சுற்றிக்கொண்டு இடப்பக்கமாக வந்து கம்பிமேல் உட்கார்ந்தது. அவளைப் பார்த்தது. அவள் அசையவில்லை. இரண்டடி கிட்டே வந்தது. இன்னும் இரண்டடி. அவள் கண்கள் இரண்டும் திறந்துதான் இருந்தன. அது கையை நீட்டி ஒரு கொத்தை இழுத்தது. டின் சத்தம் வரவில்லை.

வேப்பமரத்தில் இருந்தவை இதைப் பார்த்துக்கொண்டிருந்தன. சற்று நேரத்தில் தாட்டான், அப்புறம் குட்டி வைத்திருந்த இரண்டும், அப்புறம் மற்றவை. எல்லாம் இடது பக்கமாக. அவள் கழுத்தை முழுசாகத் திருப்பினால் கீழே குதித்துக் கொடிக்குள் மறைந்துகொள்ளும். கழுத்து மறுபடி நேரானதும் ஏறிக்கொள்ளும். வலது பக்கம் ஒன்றுகூட இல்லை. அவை கண்டுபிடித்த கொஞ்ச நேரத்துக்குப் பின்னால் நானும் கண்டுபிடித்தேன். மகிழ்ச்சியில் பென்சில் முனை உடைந்தது. பல்லால் கடித்துக் கூராக்கி எழுதினேன். மரத்திலிருந்து ஒரு சத்தம் போட்டிருந்தால் போதும், எல்லாம் ஓடியிருக்கும். போடவில்லை. அது மட்டும் நோட்டில் இல்லை.

வியாபாரி வந்து, கடித்துத் துப்பிய கொத்துகளைக் காலால் நகர்த்திப் பார்த்தார். "என்னண்ணே, எனக்கு முன்னாடியே வேற யாவாரி வந்து ருசி பாத்துட்டுப் போயிருக்கான்போல? இந்த ரெண்டு வரிசை எனக்கு வேணாம். மத்தத அடுத்த வாரம் பேசுவோம்." தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

தொட்டிப் பக்கம் எல்லோரும் நின்றோம். மதினி அழுதாள். "பாத்துக்கிட்டேதானுங்க மாமா இருந்தேன். எப்படி வந்துச்சுன்னே தெரியலீங்க."

இப்போது திட்டு விழும் என்று காத்திருந்தேன். அப்பா அவள் தலையில் கிடந்த துண்டை எடுத்து உதறினார். "போனாப் போகுது விடு தாயி. கண்ணாடி இல்லாம வெயில்ல உன்ன யாரு ஏறச் சொன்னா?"

இரண்டு வரிசை திராட்சை போயும் அவருக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. நான் ஒரு டம்ளர் உடைத்தாலே வரும் கோபம். யாரும் "வாசி" என்று சொல்லவில்லை. நானே முன்னால் போய் நோட்டைப் பிரித்தேன்.

"பதினோரு மணி. வலது பக்கம் வந்தவை இரண்டு, இரண்டும் விரட்டப்பட்டன. பதினொன்றேகாலிலிருந்து இடது பக்கம் வந்தவை பதினொன்று. ஒன்றும் விரட்டப்படவில்லை. காரணம், மதினிக்கு இடது கண் தெரியாது."

பாராட்டுக்காக நிமிர்ந்தேன். அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டிருந்தார். அம்மா என் தோளைப் பிடித்து நகம் பதியக் கிள்ளினாள். அப்பா என்னைப் பார்க்காமல் அத்தையைப் பார்த்தார்.

மதினி மட்டும் சாதாரணமாக, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "ஆமாங்க மாமா, அந்தக் கண்ணுல இன்னும் பார்வை வரல. கண்ணாடியை விடாமப் போட்டா ஒரு மாசத்துல வந்துரும்னு டாக்டர் சொன்னாங்கன்னு அம்மா சொன்னாங்க. காலையில இருந்து கண்ணாடி இல்லீங்களா..." கண்ணாடி இல்லாத காதோரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "திரும்ப மொதல்ல இருந்து ஆரம்பிக்கோணுமுங்களா மாமா?"

என் வயிறு அப்போதுதான் உண்மையாக வலித்தது. உள்ளே ஓடிப் பையைக் கவிழ்த்துக் கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன். "நான்தான் எடுத்தேன்" என்று நீட்டினேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. அப்பா கண்ணாடியை வாங்கித் துண்டு நுனியால் இரண்டு பக்கமும் துடைத்தார். அவள் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, காதில் சரியாக மாட்டிவிட்டார்.

"மொதல்ல இருந்தெல்லாம் வேணாம் தாயி. விட்ட எடத்துல இருந்துதான். வந்துரும்."

"என்னால லேட்டாகுமாப்பா?" என்று கேட்டேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்த மாதிரி இருந்தது. மதினி எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றுகொண்டிருந்தாள். "நோட்ட உள்ள கொண்டுபோய் வையி" என்றார்.

அவளுக்கு "வந்துரும்", எனக்கு "உள்ள வையி". இதையும் அந்தத் தனிப் பக்கத்தில் எழுதினேன்.

நான் காலேஜில் சேர்ந்த வருடம் அம்மா ஒருநாள் காய் நறுக்கிக்கொண்டே பேச்சுவாக்கில் சொன்னாள். ஆபரேஷனுக்கு முன்பே டாக்டர் அப்பாவையும் அத்தையையும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். கண் நேராகும், அவ்வளவுதான்; அதில் பார்வை இருந்ததும் இல்லை, வரப்போவதும் இல்லை. கண்ணாடி வெயிலுக்கும் தூசிக்கும் மட்டும். இன்னும் கொஞ்சம் வளரட்டும், நானே சொல்கிறேன் என்று அத்தை கேட்டுக்கொண்டிருக்கிறார். அன்று தொட்டிப் பக்கம் நின்றவர்களில் இது தெரியாதவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். அவளுக்கு என்ன தெரிகிறது என்பதைக் குரங்குகளோடு சேர்ந்து நானும் சரியாகக் கண்டுபிடித்திருந்தேன். அவளிடம் என்ன சொல்லப்பட்டிருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

ஆனால் அந்தக் கோடையில் எனக்கு ஒன்றுதான் தெரியும்: நான் ஒரு நாள் தாமதப்படுத்திவிட்டேன், அதைச் சரிசெய்ய வேண்டும். மிச்சமிருந்த நாட்களில் கண்ணாடிக்கு நானே காவல் இருந்தேன். அவள் முகம் கழுவும்போது கையில் வைத்துக்கொண்டு நிற்பேன். தினமும் காலையில் அவளுடைய வலது கண்ணைப் பொத்தச் சொல்லி, இடப்பக்கம் விரல் காட்டுவேன். "எத்தனை மதினி?" "மூணு?" "இல்ல." "நாளைக்குப் பாக்கலாம்" என்பாள். எனக்குத்தான் அவளைவிட அவசரம்.

அவர்கள் ஊருக்குக் கிளம்பும் நாள் காலையில் அத்தை என்னைக் கூப்பிட்டு மடியில் உட்காரவைத்து, வாங்கி வந்திருந்த புதுக் கொலுசை மாட்டிவிட்டார். நான் நேராக மதினியைத் தேடிப் போனேன். கண்ணாடியோடு துவைகல்லில் வெயிலைப் பார்த்து உட்கார்ந்து தலை காயவைத்துக்கொண்டிருந்தாள். கடைசியாக ஒரு தடவை சோதித்துவிடலாம் என்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு, இடது பக்கமாக மெல்ல மெல்ல நடந்து போனேன். பாதி தூரம்கூடப் போகவில்லை.

"வா" என்றாள், முகத்தைத் திருப்பாமல், நேராகப் பார்த்துக்கொண்டே.

"மதினி, நான் இந்தப் பக்கம் வந்தேன்! உனக்குத் தெரிஞ்சிருச்சு!"

அவள் சட்டென்று எழுந்து நின்றாள். கண்ணாடியைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் கையை முகத்துக்கும் மடிக்கும் கொண்டுபோனாள். "நெசமாவா?" என்றாள். "நெசமாத்தான்" என்றேன். காலில் கொலுசு இருந்தது எனக்கு நினைவிலேயே இல்லை.

பந்தலுக்குள் ஓடினேன். அப்பா கையைத் தூக்கிக் கொத்து அறுத்துக்கொண்டிருந்தார். "அப்பா, மதினிக்குக் கண்ணு வந்துருச்சு! நான் இடது பக்கமா போனேன், பாத்துருச்சு!"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் காலைப் பார்த்தார். தூக்கிய கை அப்படியே கொடியில் இருந்தது.

"அவகிட்ட சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"சரி" என்று திரும்பிக்கொண்டார். அடுத்த கொத்தை அறுக்கவும் இல்லை, என்னைப் போகச் சொல்லவும் இல்லை. கொடிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார்.

அவ்வளவு பெரிய செய்தியை நான்தான் முதலில் கொண்டுவந்திருந்தேன். இதையே மதினி வந்து, "வந்துருச்சுங்க மாமா" என்று சொல்லியிருந்தால் எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு நடந்தேன்.